அக்காவின் கணக்குத் தாள்

என் அக்கா பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை எட்டுத் தடவை எழுதினாள். முதல் தடவை எழுதியபோது அவளுக்குப் பதினாறு வயது. கடைசித் தடவை எழுதியபோது இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. மற்ற எல்லாப் பாடங்களிலும் முதல் தடவையே தேறிவிட்டாள். கணக்கு ஒன்றுதான்.

அப்போது நாங்கள் லிங்கராஜபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தோம். அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். காலையில் இரண்டு பஸ் மாறிப் போவார், இருட்டும்போது இரண்டு பஸ் மாறி வருவார். கன்னடம் பேசும் அந்த ஊரில் நானும் அக்காவும் ஒரே தமிழ் மீடியம் பள்ளியில் படித்தோம். அவள் எனக்கு இரண்டு வகுப்பு மேலே.

தொண்ணூற்றொன்றில் அவளுடைய ரிசல்ட் வந்த அன்று அப்பா பஸ் ஸ்டாப்பிலிருந்து பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் பாஸானவர்களின் நம்பர்களைப் பேப்பரில் எறும்பு வரிசை மாதிரிப் பொடி எழுத்தில் போடுவார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து விரலை வைத்து இறங்கி வந்தாள். அவள் நம்பருக்கு முந்தைய நம்பர் இருந்தது. அது அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணுடையது. அதற்கடுத்து மூன்று நம்பர் தாண்டித்தான் அடுத்தது இருந்தது. அவள் இன்னொரு முறை மேலிருந்து இறங்கி வந்தாள். அப்புறம் பேப்பரை மடித்து அப்பாவிடமே கொடுத்தாள்.

"அச்சுல வுட்டுட்டானுங்களோ?" என்றார் அப்பா.

"இல்லப்பா. மூணு பேத்த வுட்டிருக்க மாட்டாங்க."

பத்து நாள் கழித்து மார்க்ஸ் கார்டு வந்தது. தமிழில் எண்பதுக்கு மேல், சமூகத்தில் அறுபத்திரண்டு, கணக்கில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். அம்மா அந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ நல்ல விஷயம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள்.

அக்டோபரில் துணைத்தேர்வு எழுதினாள். இருபத்தெட்டு. அடுத்த ஏப்ரலில் முப்பது. இதற்குள் அவள் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று, கண்டோன்மென்ட் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாகச் சேர்ந்துவிட்டாள். பெட்பேன் எடுப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளிகளைத் துடைத்துவிடுவது, இதெல்லாம் வேலை. முதல் வாரம் அவளால் சாப்பிட முடியவில்லை. இரண்டாவது மாதம் அவள் வார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். எந்த நோயாளிக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கும், யார் பொய்யாகத் தூங்குகிறார், யாருக்குக் கடிதம் வரவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

கணக்கு வராதவள் என்று அவளைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு நாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். அக்கா தரையைத் துடைத்தபடியே, "எட்டு மணி நேரத்துல முடியணும்னா நிமிஷத்துக்கு இருபத்தோரு சொட்டு வுடுங்க சிஸ்டர்," என்றாள். அந்த நர்ஸ் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். இருபத்தொன்றேதான் வந்தது.

ஆனால் தேற்றம் என்றால் அவள் மூளை நின்றுவிடும். முழுத் தேற்றத்தையும் பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணுவாள். ஏபிசி என்ற முக்கோணத்துக்குப் பதிலாகப் பரீட்சைத் தாளில் பிக்யூஆர் என்று இருந்தால் அது வேறு ஏதோ தேற்றம் என்று விட்டுவிடுவாள். தொண்ணூற்று மூன்றில் நாங்கள் இருவரும் ஒரே ஏப்ரலில் பரீட்சை எழுதினோம். எனக்கு அது முதல் தடவை, அவளுக்கு ஐந்தாவது. எனக்குக் கணக்கில் தொண்ணூற்றொன்று. அவளுக்கு முப்பத்துமூன்று. மார்க்கைக் கேட்டதும் அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் டியூட்டி முடிந்து டெட்டால் வாசனையோடு வந்து உட்காருவாள். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம், ஏன்?" என்பேன். அவள் என் முகத்தையே பார்ப்பாள், விடை அங்கே எழுதியிருக்கிற மாதிரி. "தெரிஞ்சிக்கினேன், தெரிஞ்சிக்கினேன்," என்பாள். மறுநாள் கேட்டால் ஒன்றும் இருக்காது. எனக்குக் கோபம் வரும். கத்தியிருக்கிறேன். என்னைவிட இரண்டு வயது பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லு," என்பாள். அவளுக்கு எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எனக்குப் புரிந்த விதம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சர்ச்சில் மார்ச் மாதம் வந்தால் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர்களைப் பாஸ்டர் வாசித்து ஜெபிப்பார். அம்மா ஒவ்வொரு வருஷமும் தவறாமல் அக்காவின் பெயரைக் கொடுத்துவிடுவாள். பெயர் வாசிக்கப்பட்டதும் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் நடுவில் புடவை கட்டிய அக்கா எழுந்து நிற்பாள். நாலாவது வருஷமோ என்னமோ, "இனிமே எம் பேரக் குடுக்காதம்மா. தனியா ஜெபம் பண்ணிக்க," என்று சொல்லிவிட்டாள்.

தொண்ணூற்று நான்கின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரி மேட்ரன் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸ் உதவியாளர் பயிற்சிப் பள்ளியில் ஜூன் மாதம் ஒரு இடம் இருக்கிறது. அதை உனக்காக வைத்திருக்கிறேன், பத்தாவது பாஸ் மட்டும் காட்டிவிடு என்றார். அக்கா அன்று வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நிற்க அவளால் முடியவில்லையாம். அவள் அதைச் சொன்ன இரண்டாவது நாள், சமையல் பண்ணிக்கொண்டே அம்மா அந்த யோசனையைச் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே மூஞ்சி. சின்னவ போய் எழுதிட்டு வரட்டுமே."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஹால் டிக்கெட்டுல இருக்கற போட்டோவுல யாரு இன்னான்னு அவளப் பெத்த எனக்கே தெரியல. அதுமேல சீல் வேற குத்திக்கிறான். சென்டரும் தெரியாத ஏரியால போட்டுக்கிறான். மூணு மணி நேரம். யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாம்மா, தப்பு," என்றாள் அக்கா.

"எது தப்பு? அடுத்தவன் வூட்டுச் சோத்தையா திருடறோம்? நீ நல்லா வேல செய்யற. மேட்ரனே கூப்டுச் சொல்றாங்க. நடுவுல இந்த ஒண்ணு நிக்குது. அத நவுத்து வெக்கறோம், அவ்ளோதான்."

அக்கா இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவளிடம் கத்தியதற்கெல்லாம் ஈடு கட்டலாம் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அந்தத் தாள் ஒன்றரை மணி நேர வேலை என்ற கர்வமும் இருந்திருக்கும். அப்பாவிடம் மூன்று பேருமே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அக்கா புத்தகத்தைத் தொடவில்லை. பரீட்சைக்கு முன்னால் இருந்த பத்து நாளும் மற்ற ஆயாக்களுக்கு லீவு விட்டுக்கொடுத்து இரட்டை டியூட்டி பார்த்தாள்.

பரீட்சை அன்று காலையில் அம்மா எனக்கு அக்காவின் புடவையைக் கட்டிவிட்டாள். புடவை கட்டி நான் வெளியே போனது அதுதான் முதல் தடவை. அக்கா மத்தியான டியூட்டிக்கு அங்கிருந்தே போய்விடலாம் என்று ஆயா யூனிஃபார்மில் வந்தாள். பச்சைக் கரை போட்ட வெள்ளைப் புடவை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொண்டு, "நா இங்கியே இருக்கேன்," என்றாள்.

நான் உள்ளே போனேன். போர்டில் ஒட்டியிருந்த தாளில் அவள் நம்பரைப் பார்த்து, ஆறாவது அறை வாசலில் வரிசையில் நின்றேன். கண்ணாடி போட்ட ஒரு மேடம் ஒவ்வொருவருடைய ஹால் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒரு பெண். முப்பது வயதுக்கு மேலிருக்கும். அந்த மேடம் அவளுடைய படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, "தலை மேலெத்து," என்றார் கன்னடத்தில். அவள் தலையை உயர்த்தினாள். அவளுடைய தாடை நடுங்கியது. அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. அவளுடைய சொந்த முகம், சொந்தப் படம். அவளே இப்படி நடுங்குகிறாள்.

நான் வரிசையிலிருந்து விலகினேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். கால் தானாகத் திரும்பிவிட்டது. கேட்டுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. "ஏனம்மா, ஏனாயித்து?" என்று கேட்டான் வாட்ச்மேன். என்ன ஆயிற்று என்று கேட்டவனைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னால முடியலக்கா."

அவள் திட்டவில்லை. என் கையிலிருந்து ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் ஜாமெட்ரி பாக்ஸையும் வாங்கிக்கொண்டாள்.

"மணி இன்னா?"

"ஒன்பது முப்பத்தேழு."

புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள். வாட்ச்மேனிடம் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். அவன் கதவைத் திறந்துவிட்டான். பன்னிரண்டரை வரைக்கும் பஸ் ஸ்டாப்பில் அவளுடைய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள், "ஏழு நிமிஷம்தானே. ஒண்ணும் ஆவல," என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

முப்பத்துநான்கு வந்தது.

ஒரு மார்க். மறுகூட்டலுக்கு எழுதிப்போட நானும் அவளும் தேர்வு அலுவலகத்துக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் வயதானவர், நல்ல மாதிரியானவர். மார்க்ஸ் கார்டைப் பார்த்ததும், "ஒந்தே மார்க்கா? அய்யோ பாப," என்றார் உண்மையான இரக்கத்தோடு. கிரேஸ் மார்க் கிடைக்காதா என்று கேட்டேன். அவர் ஏதோ ஒரு விதியைச் சொன்னார். இவள் எந்த விதத்தில் அதற்குள் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. விடைத்தாளை ஒரு தடவை காட்டுவீர்களா என்று அக்கா கேட்டாள்.

"ஆகல்லம்மா. பேப்பர் யாருக்கும் காட்டல்ல. கூட்டி மட்டும் பார்ப்பாங்க."

"எந்தக் கணக்குல போச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்."

"ஆகல்லம்மா."

ஆறு வாரம் கழித்து, கூட்டலில் மாற்றம் இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குள் ஜூன் முடிந்து, மேட்ரன் வைத்திருந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். மேட்ரனைக் குறை சொல்ல முடியாது. பதினைந்து நாள் கூடுதலாகவே வைத்திருந்தார். அம்மா ஒரே ஒரு தடவைதான், ரசத்தைத் தாளிக்கும்போது, "ஒரு மார்க்குடி," என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, அடுப்பைப் பார்த்துச் சொன்னாளா தெரியாது. நான் உள்ளே போயிருந்தால் அந்தத் தாளில் தொண்ணூறு வாங்கியிருப்பேன். மாட்டியிருந்தால் இரண்டு பேருமே எதற்கும் ஆகாமல் போயிருப்போம். இந்த இரண்டு கணக்கையும் பல வருஷம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுகிறவர். சாதுவான மனிதர். அடுத்த வருஷம் பெண் குழந்தை. குழந்தைக்கு ஒரு வயது ஆனதும் மறுபடி பரீட்சைக்குப் பணம் கட்டினாள். அப்போது பாடத்திட்டம் மாறியிருந்தது. பழைய திட்டத்தில் எழுத வாய்ப்பு முடிந்துவிட்டது, இனி புதுப் புத்தகம்தான் என்றார்கள். ஆறு வருஷமாக மனப்பாடம் பண்ணிய தேற்றங்களில் பாதி இப்போது இல்லை. புதிதாக வந்ததைப் பார்த்து அவள், "இது இன்னாடி, கணக்கா இல்ல வேற ஏதாச்சுமா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு. அடுத்த வருஷம் பத்தொன்பது. அதோடு நிறுத்திவிட்டாள்.

பயிற்சிப் பள்ளிக்கு முப்பது வயது வரம்பு. அவளுக்கு முப்பது முடிந்த அன்று நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பெண்கள் பயிற்சிக்கு வருவார்கள். படுக்கையில் இருக்கிறவரை அசைக்காமல் விரிப்பை மாற்றுவது எப்படி, முதுகுப் புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது என்றெல்லாம் அவர்களுக்குச் செய்துகாட்டச் சொல்லி மேட்ரன் அக்காவைத்தான் அனுப்புவார். ஒரு பெண் அவளோடு ரொம்ப ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்கெல்லாம் வந்து சாப்பிட்டிருக்கிறாள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். பயிற்சி முடிந்து அதே வார்டுக்கு ஸ்டாஃபாக வந்த முதல் நாள், டாக்டர் முன்னால், "ஆயா, ஏழாம் பெட்டப் பாருங்க," என்று கூப்பிட்டாளாம். "பாவம், டாக்டர் முன்னாடி வேற எப்டிக் கூப்பிடுவா," என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவள் பேச்சில் கசப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் பி.காம். முடித்துவிட்டு எங்கள் பக்கத்திலேயே ஒரு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். பரீட்சை விண்ணப்பம் நிரப்புவது, ஹால் டிக்கெட் கொடுப்பது, மார்க்ஸ் கார்டுக்குக் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் மேஜையில்தான். வருஷத்துக்கு நாலைந்து பேராவது தனித் தேர்வர்களாக வருவார்கள். பீன்யாவில் டெம்பரரியாக இருந்துகொண்டு நிரந்தரம் ஆவதற்காக எழுதுகிறவர், பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் ஆக ஆசைப்படுகிற பெண். விண்ணப்பத்தில் 'இது எத்தனையாவது முயற்சி' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் அவர்கள் காலியாக விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் மெதுவாகக் கேட்டு நானே எழுதிக்கொள்வேன்.

அக்காவின் பெண்ணையும் எங்கள் பள்ளியிலேயே சேர்த்தோம். அவள் எட்டாம் வகுப்பு வந்த வருஷம்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு இனி கட்டாயம் இல்லை என்று டெல்லியில் முடிவெடுக்கப் போகிறார்கள், இங்கேயும் எடுத்துவிடுவார்கள் என்று பேப்பரில் தினம் வந்தது. கல்வி அலுவலகம் கருத்துக் கேட்டிருந்ததால் எங்கள் பள்ளி நிர்வாகம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆசிரியர்களையும் பெற்றோரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது, அதை எழுதி மேலே அனுப்புவது என்று தீர்மானித்தது. கூட்டக் குறிப்பு எழுத வேண்டியது நான். எச்.எம். மேடம் என்னிடம் ஒரு நீளத் தாள் கொடுத்தார். நடுவில் கோடு. இடது பக்கம் 'ஆதரவு', வலது பக்கம் 'எதிர்ப்பு'.

நிறையப் பேர் வந்திருந்தார்கள். அக்கா டியூட்டியிலிருந்து நேராக வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் எங்கள் கணக்கு ஆசிரியர் எழுந்தார். பரீட்சை இல்லை என்றால் ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் திறக்காது, பத்து வருஷம் படித்ததற்கு ஒரு அளவுகோல் வேண்டாமா என்றார். வலது பக்கம் எழுதினேன்.

பொம்மனஹள்ளிக்குத் தினமும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய் வரும் ஒரு அம்மா எழுந்தார். "எம் பெரிய பையன் ஃபெயிலாயி ரெண்டு வருசம் ஊட்ட வுட்டு வெளியவே வரல சார். ரேசன் கடைக்குக்கூட போவ மாட்டான். இந்தப் பரீட்ச போனா எங்குல தெய்வத்துக்குப் பொங்க வெப்பேன்," என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இடது பக்கம் எழுதினேன்.

பீன்யாவில் வேலை பார்க்கும் ஒரு அப்பா எழுந்தார். "நா சொல்றது தப்பாத் தெரியலாம். பெரிய ஸ்கூல்ல படிக்கறவன், ஸ்கூல் பேரச் சொன்னாலே கம்பெனில உக்கார வெப்பான். நம்ம புள்ளைங்க ஸ்கூல் பேரச் சொன்னா எது, எங்க இருக்குன்னு கேப்பான். ஆனா மார்க்ஸ் கார்டுல எழுபதுன்னு இருந்தா, அங்கியும் எழுபது, இங்கியும் எழுபது. அந்த ஒரு காயிதம்தான் நமக்கு இருக்குது. அதையும் புடுங்கிட்டா ஸ்கூல் குடுக்கற மார்க்க எவன் மதிப்பான்?"

இதற்குக் கை தட்டினார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அந்த அம்மா சொன்னதும் சரி என்று பட்டது. பேனா நின்றுவிட்டது. அந்த அப்பாவின் பேச்சில் ஏழெட்டு வார்த்தைகளை விட்டுவிட்டேன்.

அப்போது அக்கா எழுந்தாள். அவள் பேசப் போகிறாள் என்று என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பரீட்சை அன்று பள்ளிக் கேட்டில் நடந்ததைச் சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்தேன். அப்படிப் பயந்ததற்கு உடனே வெட்கப்பட்டேன்.

"நா எட்டாங் கிளாஸ் 'பி' செக்சன் பொண்ணோட அம்மா," என்றாள். "ஆஸ்பத்திரில ஆயாவா இருக்கேன். நா கணக்குப் பரீட்ச எட்டு வாட்டி எழுதனேன்."

வெளியே வராந்தாவில் காத்திருந்த அவளுடைய பெண் இதைக் கேட்டுவிடப் போகிறாளே என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"பரீட்ச இருக்கணுமா, எடுக்கணுமான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அந்த சார் சொன்னதும் நாயந்தான், அந்த அம்மா சொன்னதும் நாயந்தான். நா கேக்கறது ஒண்ணுதான். எட்டு வாட்டி எழுதி எட்டு வாட்டியும் நம்பர் வரல. முப்பத்திநாலுன்னு போட்டுக் குடுத்தாங்க. எதுல தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. போயிக் கேட்டேன். பேப்பரக் காட்ட மாட்டேன்னுட்டாங்க. ஆஸ்பத்திரில ஒரு பேசண்ட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னா எங்க சரியில்லன்னு சொல்லுவாங்க. சும்மா 'சரியில்ல, போ, ஆறு மாசம் கழிச்சு வா'ன்னு சொன்னா அவன் இன்னா பண்ணுவான்? பரீட்ச இருந்தா இருக்கட்டும், போனா போவட்டும். எதுல தப்புன்னு மட்டும் எங்க புள்ளைங்களுக்குச் சொல்லுங்க. அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. கணக்கு ஆசிரியர் குனிந்து தன் வாட்ச்சைத் திருகிக்கொண்டிருந்தார். எச்.எம். மேடம், "நல்ல கருத்து. ரொம்ப நன்றிம்மா," என்று சொல்லிவிட்டு, அடுத்து யார் என்று பார்த்தார். அடுத்தவர் டியூஷனைப் பற்றிப் பேசினார்.

நான் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் வேறொரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அதை நீளத் தாளில் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் மேடத்தின் அறைக்குக் கொண்டுபோய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். பேசினது என் அக்கா என்று அவருக்குத் தெரியும்.

"எனக்கும் மனசுக்குக் கஷ்டமாதான் இருக்கு," என்றார். "ஆனா அவங்க கேட்டிருக்கிறது பரீட்சை வேணுமா வேணாமான்னு மட்டும்தான். இது ரெண்டுலயும் வரல. சேர்த்து அனுப்பினா, கேட்டதுக்குப் பதில் எழுதலன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. விட்டுடு."

"கீழ ஒரு குறிப்பா போடலாமா மேடம்?"

"இடம் இல்லையேம்மா."

அவர் சொன்னது உண்மை. ஆதரவு, எதிர்ப்பு இரண்டும் நிரம்பி, கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் மூன்று விரற்கடை இருந்தது. இன்னொரு தாள் ஒட்டியிருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நானே டைப் அடித்து, சீல் போட்டு, தபாலில் சேர்த்தேன். ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு இருபத்திரண்டு. அக்கா அதில் எங்கேயும் இல்லை.

எங்கள் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை போகவும் இல்லை. அடுத்த மார்ச்சில் ஹால் டிக்கெட் கட்டுகள் எப்போதும் போல வந்தன. போட்டோ மேல் பாதி, காகிதத்தின் மேல் பாதி விழுகிற மாதிரி சீல் குத்தி அடுக்கினேன்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் நானும் அக்காவும் அவள் பெண்ணும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். வழியில் பேக்கரியில் நிறுத்திப் பெண்ணுக்குப் பன் வாங்கிக் கொடுத்தாள். அவள் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"நா சொன்னத எழுதிக்கினியா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டேன்," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் தன் பெண்ணின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "கேட்டுக்கோ. நா பேசனது எழுத்துல மேல போவுது. உங்க சித்திதான் எழுதறா," என்றாள். அந்தப் பெண் வாய் நிறையப் பன்னோடு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.